தாய் வீட்டு க்ரீம்

1

என் தங்கை மகள் ஜென்சிக்குக் கல்யாணமாகி இந்த வாரத்தோடு ஒரு வருஷம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து பூங்கொத்தும் கேக்குமாகக் கொட்டிக் கிடக்கிறது. நானும் ஒரு வாழ்த்துப் போட்டேன். என் தங்கை அமலா எல்லாருக்கும் கைகூப்புகிற பொம்மை போட்டு நன்றி சொல்லியிருக்கிறாள். என்னுடையதை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். போகட்டும். கம்பைநல்லூரில் இருந்துகொண்டு கனடாவில் சஸ்கட்டூனில் இருக்கும் என்னைக் கிள்ள வேண்டுமென்றால் அவளுக்கும் இதை விட்டால் வேறு வழி ஏது?

குழுவில் போட்டிருந்த படத்தில் ஜென்சியின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த என் மகள் ரேச்சல், "அக்கா இன்னும் அதத்தான் போடறாங்களாம்மா?" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் முழுசாகத் தமிழில் ஒரு வாக்கியம் பேசினால் நான் சந்தோஷப்படுவது வழக்கம். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. டீ போட எழுந்து போனேன்.

கனடாவில் எப்படி இருக்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்குப் பனியைப் பற்றிச் சொல்வேன், வேலையைப் பற்றிச் சொல்வேன். இந்தத் தடவை என் மூஞ்சியைப் பற்றிச் சொல்கிறேன். பிடித்தால் படியுங்கள்.

2

அந்த க்ரீமுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. மெடிக்கலில் போய், "அண்ணா, மூஞ்சிக்குப் போடற டியூபு ஒண்ணு குடுங்க" என்றால் போதும். டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள். தலைவலி மாத்திரை மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெண் பார்க்க வருகிறார்களா, வீட்டுப் பிள்ளைக்கு மாதா கோயிலில் புதுநன்மை விழாவா, வேலைக்கு இன்டர்வியூவா, உடனே ஒரு டியூப். என் சினேகிதி ஒருத்தி பாப்பிரெட்டிப்பட்டியில் வாக்கப்பட்டாள். சீர்வரிசைத் தட்டில் சோப்பு, பவுடர், சீப்போடு அதையும் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

எனக்கு அதை முதலில் போட்டுவிட்டது எங்கள் அம்மா. சேலத்துக் குடும்பம் ஒன்று, பையன் கனடாவில் இருக்கிறான், போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா தினமும் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் ஒரு பொட்டு, நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு பொட்டு வைத்துத் தேய்த்துவிடுவாள். ஒரே வாரத்தில் பருவெல்லாம் ஓடிப்போனது. முகம் தேய்த்து வைத்த குத்துவிளக்காகிவிட்டது. நம்பாமல் என்ன செய்வார்கள்? மருந்துக்கடையில் விற்பதை மருந்து என்றுதானே நினைப்பார்கள்?

போட்டோ பிடித்துப்போனது, கல்யாணமும் ஆனது. கனடாவுக்கு வந்த பிறகும் நான் டியூபை விடவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுபோவேன். திரும்பும்போது இட்லிப்பொடிக்கும் புளிக்கும் நடுவில் டியூபுகளைச் சொருகி அமலா பெட்டியைக் கட்டிக் கொடுப்பாள். ஒரு தடவை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னான். இட்லிப்பொடியை மோந்து பார்த்துத் தும்மினான். டியூபுகளைக் காட்டி இதெல்லாம் என்ன என்றான். முகத்துக்கு என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டான். அவன் என்ன நினைத்தானோ!

எனக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்கட்டு வேலை. வெளியே மைனஸ் முப்பது, உள்ளே ஆவி. அடுப்புக் கதவைத் திறந்தால் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி முகம் எரியும். வெளியே வந்தால் தோல் இழுத்துப் பிடிக்கும். சனிக்கிழமையானால் ஊரிலிருந்து வந்த பயத்தமாவும் மஞ்சளும் குழைத்துப் பூசுவேன். இன்னும் இழுக்கும். ஒரு கட்டத்தில் கன்னத்தில் சன்னமாகச் சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது. தாடையில் பூனை முடி. டியூப் தீர்ந்துபோய் இரண்டு நாள் போடாமல் விட்டால் போதும், முகம் தணலாகிவிடும். மறுபடி போட்டால் அடங்கிவிடும். ஆகவே வியாதி குளிர், மருந்து அந்த க்ரீம் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஒரு நாள் தாங்க முடியாமல் பக்கத்து மருந்துக்கடையில் போய், முகம் எரிகிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண் பதறிப்போய், கொதி எண்ணெய் தெறித்துவிட்டதா, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றாள். இல்லையம்மா, சும்மாவே எரிகிறது என்று புரியவைப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷமாக இந்த பாஷையில் வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன், சண்டை போடுகிறேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் அது என் வாயில் வருவதே இல்லை.

தோல் டாக்டரை இங்கே நாமாகப் போய்ப் பார்க்க முடியாது. குடும்ப டாக்டர் அனுப்பி வைக்க வேண்டும். அவர் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் போய், கோடை போய், அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. நடுவில் ஃபோன் செய்தால் சங்கீதம் போடுவார்கள், வரிசையில் இருக்கிறீர்கள் என்பார்கள். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் வரிசை என்றால் முன்னால் நிற்கிறவரின் முதுகாவது தெரியும். இங்கே அதுவும் தெரியாது.

கடைசியில் கூப்பிட்டார்கள். முகத்துக்குப் போடுவதை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் ரொம்பச் சின்னப் பெண். பயத்தமாவை மேஜையில் வைத்தாள், சோப்பை வைத்தாள், ரேச்சல் வாங்கிக் கொடுத்த பாட்டிலை வைத்தாள். டியூபை எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது. பின்பக்கத்து எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"இதை எவ்வளவு காலமாகப் போடுகிறீர்கள்?"

"கல்யாணத்துக்கு முன்னாலிருந்து."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது, தோலை வெளுக்கிற மருந்து இருக்கிறது, சில வாரம் மட்டும் டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டியது என்று நிதானமாகச் சொன்னாள். உங்கள் தோல் மெலிந்துவிட்டது, அதனால்தான் எரிகிறது என்றாள்.

நான் வீடியோ பார்த்து வைத்திருந்த அறிவில் ஒரு கேள்வி கேட்டேன். என் தோல் எண்ணெய்த் தோலா, வறண்ட தோலா? தெரிந்தால் அதற்குத் தக்க மாதிரி வாங்கிப் போடலாமே என்றேன்.

"இப்போதைக்கு அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றாள். "நாம் பார்ப்பது உங்கள் தோலை அல்ல, இந்த க்ரீமை. இது போன பிறகுதான் உங்கள் தோல் என்ன தோல் என்று தெரியும்."

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன். என் புருஷன் போட்டோவில் பார்த்துச் சம்மதித்த முகம், பாஸ்போர்ட்டில் ஒட்டின முகம், கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்ட முகம் எதுவுமே என்னுடையது இல்லையாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? அம்மா செத்துப்போய்விட்டாள். மெடிக்கல்காரர் சிரித்த முகமாகத்தான் கொடுத்தார்.

4

டாக்டர் சொன்ன கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அந்த மாதங்களை என் எதிரிக்கும் கொடுக்க வேண்டாம், மாதாவே. முகம் பழுத்துச் சிவந்தது. சீழ் வைத்த பருக்கள். காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. தலையணை உறை பட்டால் வலி. சமையல்கட்டிலிருந்து என்னைப் பாத்திரம் அடுக்குகிற பக்கம் மாற்றினார்கள். ஒட்டுவாரொட்டி வியாதி இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகும் தூரமாகத்தான் நின்று பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நம் தமிழ்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கற்றாழை போடு என்றாள். ஒருத்தி தேங்காயெண்ணெய். இன்னொருத்தி பத்துப் பாட்டில் கொண்ட ஒரு பெட்டியைக் காட்டி, இதை வரிசையாகப் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அக்காவுக்காகக் குறைத்துத் தருகிறேன் என்றாள். அவளுக்கு எது ஒத்துக்கொண்டதோ அது ஊருக்கே ஒத்துக்கொள்ள வேண்டுமாம். நம் ஆட்களுக்குத் தோல் என்றால் சிவப்பு, மாநிறம், கறுப்பு. அவ்வளவுதான். வறட்சி, எண்ணெய், எரிச்சல் என்று வேறு ஒரு கணக்கும் இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

முகம் அடங்கிய பிறகு ரேச்சல்தான் எனக்குப் பரீட்சை வைத்தாள். வெறும் தண்ணீரில் முகம் கழுவச் சொல்லி, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மெல்லிய தாளை ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுத்தாள். கன்னம் வறட்சி, மூக்கில் மட்டும் லேசாக எண்ணெய். நாற்பத்தாறு வயசில் என் தோலை எனக்கு அறிமுகம் செய்துவைத்தாள். காலையில் வெறும் தண்ணீர், வாசனை இல்லாத க்ரீம், வெயில் படாமலிருக்க ஒரு க்ரீம். சாயங்காலம் நுரை அதிகம் வராத ஒரு கழுவும் திரவம், மறுபடி அதே க்ரீம். தீர்ந்தது. புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால் முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் போட்டுப் பார்க்க வேண்டும். பயத்தமாவை முறுக்குக்கு உபயோகித்துக்கொண்டேன்.

என் நிறம் திரும்பி வந்தது. நல்ல கறுப்பு. எனக்கே மறந்துபோயிருந்தது.

"அம்மா, உங்களுக்கு உங்க கலர் பிடிக்காதா? அப்ப என்னுது?" என்று ரேச்சல் கேட்டாள். அவள் என்னை விடவும் கறுப்பு. போன தடவை ஊருக்குப் போனபோது, என்ன புள்ள இப்படிக் கறுத்துக் கெடக்குது, கனடாவுல வெயிலே இல்லைங்கறாங்க என்று ஆளாளுக்குத் தாடையைப் பிடித்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஊர் என்றாலே அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜென்சி கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

5

ஜென்சிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அமலா டியூபைத் திறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியவந்தது. வீடியோவில் பார்த்தாலே தெரிந்தது, அந்தப் பளபளப்பு எனக்குப் பழக்கமானதுதானே. பெண் தருமபுரியில் ஒரு நகைக்கடையில் பில் போடுகிறாள். வெயிலில் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அந்த க்ரீமைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தாள். உடனே அமலாவைக் கூப்பிட்டேன். என் முகத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். தோல் டாக்டரிடம் கூட்டிப்போ, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்து என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பேசினாள்.

"ஏங்க்கா, உனக்கு அம்மா போட்டு வுட்டாங்க. நீ கனடா போன. வூடு வாங்கின, காரு வாங்கின. எம் பொண்ணுக்கு நான் போட்டா மட்டும் வெஷமா?"

"என் மூஞ்சியப் பாருடி. இது போதாதா உனக்கு?"

"உனக்கென்ன, கல்யாணமாயி இத்தன வருசமாச்சு. மூஞ்சி எப்படி இருந்தா யாரு கேக்கப் போறா? இவளுக்கு இனிமேதான் ஆவணும். வந்தவங்க ரெண்டு பேரும் பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மின்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. கறுப்பா இருந்தா உன்ன யாருக்கா கட்டியிருப்பா?"

அவள் சொன்னது பொய் என்றால் நான் கத்தியிருப்பேன்.

ஜென்சி தனியாக எனக்கு ஃபோன் செய்தாள். "பெரிம்மா, எனக்கும் எரியுதுங்க. வண்டியில போனா தாங்கல" என்றாள். அவளுக்கு எண்ணெய்த் தோல், அந்த ஊர் வெயில். என் கெட்டி க்ரீம் அவளுக்கு ஆகாது. ரேச்சலோடு உட்கார்ந்து தேடி, லேசாகப் பூசுகிற ஒரு வெயில் க்ரீமும் கழுவும் திரவமும் அனுப்பினேன். டாக்டரைப் பார்க்காமல் எதையும் நிறுத்தாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப்போக அமலா ஒப்பவில்லை. முகத்துக்கு வைத்தியம் பார்க்கிற பெண் என்று பேர் வந்துவிடுமாம். பெண் தானாகவே சட்டென்று நிறுத்திவிட்டாள். ஒரே வாரத்தில் முகமெல்லாம் வெடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்ல, அமலா பயந்துபோய்த் தினம் இரண்டு வேளை போட ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் அமுங்கிவிட்டது. நிச்சயமும் ஆனது. நான் அனுப்பிய பாட்டில்களை ஃபாரின் சாமான் என்று சம்பந்தியம்மாவுக்கே தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள்!

6

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். அமலா என்னைப் பார்த்ததும், "பவுடராவது போட்டுக்கிட்டு வரக்கூடாதாக்கா, கனடாவுல இருந்து வந்தவன்னு யாரு நம்புவா?" என்றாள். நான் பெட்டியை இறக்கிவைக்கக்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண்ணுக்கு நலங்கு வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வருவார்கள். ஜெபம் சொல்லி முடித்து, பெண்ணை மணையில் உட்கார வைத்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒவ்வொருத்தராகக் கன்னத்திலும் கையிலும் காலிலும் பூசி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். எங்கள் அம்மா இல்லாததால் முதல் கை என்னுடையது. பெரியம்மா வை, பெரியம்மா வை என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

குனிந்து ஜென்சியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மேலே பவுடர், அடியில் நரம்பு நரம்பாகச் சிவப்பு. மஞ்சளும் எலுமிச்சையும் அதன்மேல் பட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையில் பூசினேன், பாதத்தில் பூசினேன், நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

சலசலப்பு எழுந்தது. பெரியம்மாக்காரி கன்னத்தைத் தொடவில்லையே! அமலா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எம் பொண்ணு மூஞ்சியத் தொடக்கூட உனக்கு மனசு வரலையாக்கா? அவ்வளவு வயித்தெரிச்சலா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, கிண்ணத்திலிருந்து கை நிறைய அள்ளி, மகளின் இரண்டு கன்னத்திலும் அழுத்திப் பூசினாள். அடுத்தடுத்துப் பெண்கள் வந்தார்கள். அத்தை பூசினாள், மாமி பூசினாள், பக்கத்து வீட்டுக்காரி பூசினாள். ஜென்சி பல்லைக் கடித்துக்கொண்டு மணையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று மஞ்சளின்மேல் இறங்கியது.

"அழுவாத கண்ணு. பொறந்த வூட்ட வுட்டுப் போறதுன்னா சும்மாவா" என்று ஒருத்தி சொன்னாள். சொன்னவளே அழுதாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே அழுகிறார்கள், இது நல்ல வளர்ப்பு என்று மெச்சிக்கொண்டார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து எல்லாரையும் விலக்கி, அவள் முகத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தேன். நலங்கைத் துடைக்கிறாளே பாவி என்று யாரோ கத்தினார்கள். மஞ்சள் போனது, அதோடு பவுடரும் போனது. கன்னம் இரண்டும் வெந்த மாதிரி சிவந்து வீங்கியிருந்தன. பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அமலாவைப் பார்த்தேன். அவள் உயிர் அவளிடம் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டாள். உண்மையைச் சொல்வதென்றால், நின்றால்கூடப் பரவாயில்லை, பிள்ளை பிழைப்பாள் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது.

சம்பந்தியம்மா எழுந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஜென்சியின் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அமலா பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"ஐய, இதுக்கா இப்படிப் பயந்து நிக்கறீங்க? அந்த டியூபுதானுங்களே? எங்க வூட்ல எல்லாருமே அதத்தான் போடறோம். எம் பொண்ணு நலங்கப்பவும் இப்படியேதான் எரிஞ்சுது. எல்லாப் பொண்ணுக்கும் எரியறதுதானுங்க."

கைப்பையைத் திறந்து ஒரு டியூபை எடுத்தாள். மணைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரல் நுனியில் எடுத்து, வலிக்காமல் பொட்டுப் பொட்டாக வைத்து, வாயால் ஊதி ஊதித் தடவிவிட்டாள். குறை சொல்ல முடியாது, ரொம்பப் பாசமாகத்தான் போட்டாள். அமலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சம்பந்தியம்மா தங்கமானவங்க என்று பெண்கள் சொன்னார்கள். நான் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு அடங்கியது. ஜென்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "இப்ப எரியலைங்க பெரிம்மா" என்றாள்.